பாரிஸ் போகிறீர்களா? கிளம்புமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

குடும்பத்தோடு பாரிஸ் பார்க்கத் திட்டமிடும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல்முறை போகிறவர்களையும், கூடவே அம்மா அப்பாவையோ சிறு பிள்ளைகளையோ அழைத்துப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கணக்குதான்: ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம். மீதி நேரம் நடக்க, உட்கார, சாப்பிட.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பாரிஸுக்கு மட்டும் முழுதாக ஐந்து நாள். வந்து இறங்கும் நாளும் திரும்பும் நாளும் இதில் சேராது. "ஐரோப்பாவில் எட்டு நாடு, பத்து நாள்" என்று விற்கப்படும் பேக்கேஜில் பாரிஸுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள். அதில் பாதி பேருந்திலேயே போய்விடும். ஈஃபிள் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், ஒரு படகுச் சவாரி, அடுத்த ஊர். அந்தக் காசைச் சேர்த்து வைத்து ஒரே ஊரை நிதானமாகப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாரிஸ் நகரம் பரப்பளவில் சிறியது, சுமார் 105 சதுர கிலோமீட்டர்தான். முக்கியமான இடங்கள் பெரும்பாலும் சேன் நதியின் இரு கரைகளிலும் வரிசையாக இருக்கின்றன. நடக்கத் தெரிந்தவர்களுக்கான ஊர் இது.

மூன்று நாள்தான் முடியும் என்றால் வெர்சாய் அரண்மனையை விட்டுவிடுங்கள். நகரத்தையே பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒரு நாளில் இரண்டு நாள் கிடைத்த மாதிரிதான்.

நம் பள்ளி விடுமுறையைப் பார்த்தால் மே மாதம் பொருந்தி வரும். மே 1 அன்று மட்டும் ஏறக்குறைய எல்லா அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும், அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பழைய கட்டடங்களில் உள்ள சிறிய ஹோட்டல்கள் பலவற்றில் ஏசி கிடையாது. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. கோடையில் போகிறவர்கள் ஹோட்டல் விவரத்தில் ஏசி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஆகஸ்டில் ஊர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் சின்னக் கடைகளும் பேக்கரிகளும் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும். டிசம்பரில் விளக்கு அலங்காரம் அழகு, ஆனால் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். சட்டப்படி 15 நாள் என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு. மே மாதப் பயணம் என்றால் ஜனவரி கடைசியில் அப்பாயின்ட்மென்ட் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் நேரில் கொடுக்க வேண்டும். சென்னையில் மையம் இருக்கிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுகட்டும் பயண இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

பல நாடுகளுக்குப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டின் விசாவைத்தான் கேட்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு, ஹோட்டல் எல்லாம் பாரிஸில் போட்டிருந்தால் நிராகரிக்கக் காரணம் கொடுத்ததாகிவிடும்.

பாரிஸில் சித்தி வீடு இருக்கிறது. ஹோட்டல் புக்கிங் இல்லாமல் விசா கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் வசிக்கும் ஊரின் மேரி அலுவலகத்துக்கு, அதாவது நகராட்சிக்குப் போய், "அத்தெஸ்தாசியோன் தக்குய்" என்ற விருந்தினர் ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமைப் பத்திரம், வருமானச் சான்று, வரப்போகிறவர்களின் பாஸ்போர்ட் விவரம் எல்லாம் கேட்பார்கள். 30 யூரோ முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும். வீட்டின் அளவுக்கு இத்தனை பேர் தங்க இடம் உண்டா என்றும் பார்ப்பார்கள். அசல் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதால் தபால் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நிறைய நம்மவர் விண்ணப்பங்கள் இந்த ஒரு தாளில்தான் நின்றுபோகின்றன. சித்தியிடம் தேதியைச் சொல்லும் அன்றே இதையும் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பகுதியில் ஹோட்டல் எடுப்பது?

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. நடுவில் லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் 1-ஆம் வட்டாரத்தில் தொடங்கி, நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி வெளியே போகும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கமே வட்டார எண்: 75005 என்றால் 5-ஆம் வட்டாரம்.

குடும்பத்துக்கு என் தேர்வு 5-ஆம் வட்டாரம், இல்லையென்றால் 12 அல்லது 14. ஐந்தில் வாடகை கொஞ்சம் கூட, ஆனால் நோத்ர தாம் பேராலயத்துக்கு நடந்தே போகலாம். 14-இல் தான்ஃபேர்-ரொஷ்ரோ நிலையம் பக்கம் எடுத்தால் விமான நிலைய ரயில் நேரே வந்து நிற்கும். ஈஃபிள் கோபுரம் ஜன்னலில் தெரிய வேண்டும் என்று 7-ஆம் வட்டாரத்தில் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. புறநகரில் மலிவாக எடுத்துவிட்டு தினமும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் செலவழிப்பதும் வேண்டாம். அறைகள் சிறியவை, லிஃப்ட் அதைவிடச் சிறியது, சில இடங்களில் லிஃப்டே இருக்காது. பெரிய பெட்டி இரண்டுக்குப் பதில் நடுத்தரப் பெட்டி மூன்று கொண்டுபோனால் எல்லோருக்கும் நிம்மதி. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். அது புக்கிங் தொகையில் பல நேரம் சேர்ந்திருக்காது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படி வருவது?

சார்ல் த கோல் நிலையத்தில் இறங்கினால் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் பி தடம். கார் து நோர், ஷாத்லே, சான் மிஷேல், தான்ஃபேர்-ரொஷ்ரோ என்று நகரை வடக்கு தெற்காகக் கடந்து போகும். ஓர்லி நிலையம் என்றால் 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 நேரே அங்கே வருகிறது. 2025-இல் விமான நிலைய டிக்கெட் 13 யூரோ. ஆண்டுதோறும் ஜனவரியில் விலை கொஞ்சம் ஏறும்.

நான்கு பேர், பெட்டிகள், தூங்கி வழியும் குழந்தை என்றால் டாக்சியே சரி. சார்ல் த கோலிலிருந்து பாரிஸுக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு. நதியின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65 யூரோ என்பது 2025 நிலவரம். மீட்டர் எவ்வளவு காட்டினாலும் அதற்கு மேல் இல்லை. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

மெட்ரோவுக்கு பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா?

நீங்கள் வந்து இறங்கும் கிழமையைப் பொறுத்தது. நவிகோ என்ற பயண அட்டையில் ஏற்றும் வாரப் பாஸ் திங்கள் காலை தொடங்கி ஞாயிறு இரவு முடியும். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கிடையாது. 2025-இல் அதன் விலை 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. விமான நிலையம், வெர்சாய் எல்லாம் அதற்குள் அடக்கம். திங்களோ செவ்வாயோ இறங்கி அதே ஞாயிறுக்குள் கிளம்புகிறவர்களுக்கு, விமான நிலையம் போக வர மட்டுமே 26 யூரோ ஆகிவிடுவதால், கூட ஐந்து மெட்ரோ சவாரி செய்தாலே பாஸ் லாபம். அட்டையில் ஒட்ட சின்னப் புகைப்படம் ஒன்று வேண்டும். ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

வியாழன் இறங்கி அடுத்த புதன் கிளம்புகிறவர்களுக்கு அந்தப் பாஸ் உதவாது. 2 யூரோ கொடுத்து நவிகோ ஈசி அட்டை வாங்கி, அதில் டிக்கெட் ஏற்றிக்கொள்ளுங்கள். 2025-இல் மெட்ரோ, ஆர்.இ.ஆர். டிக்கெட் எங்கே போனாலும் 2.50 யூரோ, பேருந்து 2 யூரோ. ஓர் அட்டையை வைத்து நான்கு பேர் நுழைய முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் இலவசம், பத்து வயதுக்குக் கீழ் அரை டிக்கெட். பழைய காகித டிக்கெட் கட்டுகளை மறந்துவிடுங்கள், அவை விற்பனையில் இல்லை. வெளியே வரும்வரை அட்டை கையில் இருக்கட்டும். பரிசோதகர்கள் படியருகில் நின்று கேட்பார்கள், சுற்றுலாப் பயணி என்று அபராதத்தில் சலுகை கிடைக்காது.

எதையெல்லாம் முன்பே புக் செய்ய வேண்டும்?

மூன்றுதான்: லூவ்ர், ஈஃபிள் கோபுரம், சேன்த் ஷபெல் ஆலயம். மூன்றுக்கும் நேரம் குறித்த டிக்கெட் அவற்றின் சொந்த இணையதளத்திலேயே கிடைக்கும். இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டை "வரிசையில்லா நுழைவு" என்று கூடுதல் விலைக்கு விற்கின்றன. பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும்தான் நிற்க வேண்டும். பல அருங்காட்சியகங்களுக்கும் பொதுவான மியூசியம் பாஸ் வைத்திருந்தாலும் லூவ்ருக்கு நேரம் பதிவு செய்தாக வேண்டும்.

லூவ்ரை எப்படிப் பார்ப்பது? ஒரு நாள் போதுமா?

ஒரு வாழ்நாள் போதாது. அதனால் மூன்று மணி நேரம் போதும் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள்.

செவ்வாய் விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். என் ஓட்டு இந்த இரண்டு மாலைகளுக்குத்தான். குழுக்களாக வந்தவர்கள் ஐந்து மணிக்குமேல் கலைந்துவிடுவார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து கட்டணம் 32 யூரோ. 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவருக்கும் இலவசம், ஆனால் அவர்களுக்கும் நேரம் பதிய வேண்டும், வயதைக் காட்ட ஆதாரமும் வேண்டும்.

கண்ணாடிப் பிரமிடு வழியாக இறங்கியதும் தெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்று மூன்று பிரிவுகள். முதலில் தெனோன். தாரு படிக்கட்டின் உச்சியில் சமோத்ராஸ் வெற்றித் தேவதை நிற்கிறாள். தலை இல்லை, கைகள் இல்லை. கப்பலின் முனையில் வந்து இறங்கிய வேகத்தில் காற்று அவள் ஆடையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருப்பது கல்லில் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சிற்பம். படியின் நடுவில் நின்று பார்த்துவிட்டு, மேலே ஏறிப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், இறக்கையின் வீச்சு அங்கிருந்துதான் முழுதாகப் புரியும்.

அடுத்து மோனா லிசா. 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், கண்ணாடிக்குப் பின்னால், முன்னால் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள். பார்த்துவிட்டு அப்படியே திரும்புங்கள். எதிர்ச் சுவர் முழுக்க வெரோனேசெ வரைந்த "கானாவூர்க் கல்யாணம்" இருக்கிறது. ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம், லூவ்ரிலேயே மிகப் பெரிய ஓவியம். அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். விருந்துப் பந்தியில் இருக்கும் நாய்களையும் இசைக்காரர்களையும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது.

பிறகு கூட்டத்தைவிட்டு ரிஷ்லியூ பிரிவுக்குப் போய்விடுங்கள். ஹம்முராபியின் சட்டம் பொறித்த கருங்கல் தூணும், அசீரிய அரண்மனை வாசலைக் காத்த, மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகளும் அங்கே. இதோடு வெளியே வந்துவிடுங்கள். கால் வலிக்க ஆரம்பித்த பிறகு பார்த்த எதுவும் மனதில் நிற்காது.

லூவ்ரைத் தவிர இன்னும் ஒரே ஓர் அருங்காட்சியகம் என்றால்?

ஓவியம் பிடித்தவர்களுக்கு ஓர்சே. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986-இல் அருங்காட்சியகமானது. வான் கோ, மோனே, தெகா எல்லாம் இங்கேதான். திங்கள் விடுமுறை, வியாழன் இரவு 9.45 வரை.

நம்மவர்கள் யாரும் போகாத ஓர் இடத்தையும் சொல்கிறேன். இயேனா சதுக்கத்தில் உள்ள கிமே, ஆசியக் கலைக்கான அருங்காட்சியகம். சோழர் கால நடராசர் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. ஊரில் அபிஷேகத்தோடும் பூமாலையோடும் தூரத்திலிருந்து பார்த்த உருவத்தை, திருவாசியின் ஒவ்வொரு சுடரும் தெரியும் நெருக்கத்தில் பார்க்கலாம். கோயிலைவிட்டு இத்தனை தூரம் வந்துவிட்டதே என்ற வருத்தமும் கூடவே வரும். கம்போடியாவின் கெமர் சிற்பங்களும் ஏராளம். செவ்வாய் விடுமுறை. ஈஃபிள் கோபுரம் பார்க்கும் நாளோடு சேர்த்துக்கொள்ளலாம், நதிக்கு அக்கரையில் நடக்கும் தூரம்தான்.

ஈஃபிள் கோபுரத்தில் மேலே ஏற வேண்டுமா?

பிள்ளைகள் இருந்தால் ஏறுங்கள், அவர்களுக்கு அது தேவை. இரண்டாம் தளம் போதும். வீதிகளும் நதியும் தெளிவாகத் தெரிவது அங்கிருந்துதான். உச்சியிலிருந்து எல்லாம் வரைபடம் மாதிரி தட்டையாகிவிடும். லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும், மாலை நேரங்கள் வேகமாகத் தீரும். இரண்டாம் தளத்துக்கு 674 படி ஏறத் தெம்பிருந்தால் கட்டணமும் குறைவு.

ஏறாதவர்கள் எதையும் இழக்கவில்லை. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் 20,000 விளக்குகள் மின்னும். த்ரொக்காதேரோ மேடையில் நின்று அதைப் பார்க்கக் காசு வேண்டாம். 6-ஆம் மெட்ரோவில் பஸ்ஸி நிலையத்திலிருந்து பிர்-அக்கேம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ரயில் சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து பாலத்தின் மேல் நதியைக் கடக்கும், கோபுரம் ஜன்னலை அடைத்துக்கொண்டு வரும். ஒரே ஒரு நிமிடம். பஸ்ஸியிலிருந்து வரும்போது இடது பக்கம் நில்லுங்கள்.

நோத்ர தாம் திறந்துவிட்டதா?

திறந்துவிட்டது. 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து ஊசிக்கோபுரம் விழுந்தது. ஐந்தாண்டுக்கு மேல் வேலை நடந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நுழைவு இலவசம். இணையதளத்தில் இலவசமாக நேரம் பதியலாம், பதியாமலும் வரிசையில் நின்று போகலாம், வரிசை வேகமாக நகரும். யாராவது பணம் கேட்டு நுழைவுச்சீட்டு விற்றால் அது ஏமாற்று. பழைய படங்களில் கறுத்துப் போயிருந்த கல் சுவர்கள் இப்போது வெளுத்துப் பளிச்சென்று இருக்கின்றன. முன்பு பார்த்தவர்கள்கூட இன்னொரு முறை போக வேண்டும். மேலே இருக்கும் மணிக்கோபுரங்களுக்கு மட்டும் தனி டிக்கெட், 2025 செப்டம்பரில் அவையும் திறந்துவிட்டன.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சேன்த் ஷபெல். 9-ஆம் லூயி மன்னர், இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை வைக்கக் கட்டி, 1248-இல் அர்ப்பணித்த சிறிய ஆலயம். கீழ்த்தளத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். குறுகலான சுழல்படியில் ஏறி மேலே தலையை நீட்டியதும் சுவரே இருக்காது, 15 உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மட்டும்தான். 1,113 காட்சிகளில் பைபிள் கதை. வெயில் இருக்கும் நாளில், முற்பகலில் போங்கள். நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து மெல்ல நகரும். பாரிஸில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பேன் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பக்கத்தில் நீதிமன்றம் இருப்பதால் சோதனை கடுமை, பையில் கத்தி, கத்தரி எதுவும் வேண்டாம்.

அப்படியென்றால் நாள்களை எப்படி அடுக்குவது?

விடுமுறைக் கிழமைகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் ஓர்சேயும் வெர்சாயும் கிடையாது, செவ்வாய் லூவ்ரும் கிமேயும் கிடையாது. திங்களன்று ஈஃபிளும் ஆற்றங்கரையும். செவ்வாய்க்கு நோத்ர தாம், சேன்த் ஷபெல், லத்தீன் குவார்ட்டர் தெருக்கள். புதன் காலை மோன்மார்த்ர் குன்று, மதியம் ஓய்வு, மாலை லூவ்ர். வியாழன் வெர்சாய். வெள்ளிக்கு எதையும் எழுதாதீர்கள். மழையில் நனைந்து விட்டுப்போன இடமோ, இன்னொரு தடவை பார்க்கத் தோன்றிய தெருவோ அந்த நாளைத் தானாக நிரப்பிக்கொள்ளும்.

வெர்சாய் அவசியமா?

தோட்டத்துக்காகப் போகலாம். ஆர்.இ.ஆர். சி ரயிலில் "வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்" நிலையம். கண்ணாடி மண்டபத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் அதைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய்விட்டால் பரந்த கால்வாயும் மர வரிசையும் அமைதியும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வார இறுதிகளில் இசையோடு நீரூற்றுகள் ஓடும். நாள் முழுக்க ஆகும், பாதி நாளில் முடிக்க நினைத்தால் போகாமல் இருப்பதே மேல்.

அம்மாவுக்கு முட்டி வலி. சமாளிக்க முடியுமா?

முடியும், மெட்ரோவை மறந்தால். பாரிஸ் மெட்ரோ படிகளின் ஊர். பழைய நிலையங்களில் லிஃப்ட் அரிது, ரயில் மாறுவதற்கே நீண்ட சுரங்க நடை. முழுக்க லிஃப்ட் வசதி உள்ளது 14-ஆம் தடம்தான்.

பேருந்தில் ஏறுங்கள். தாழ்தளப் பேருந்து, படி கிடையாது, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். 69-ஆம் எண் ஈஃபிள் கோபுரப் பக்கம் கிளம்பி, இன்வலீத், லூவ்ர், நகர மண்டபம், பஸ்தீய் என்று போகும். சுற்றுலாப் பேருந்துக்கு ஆளுக்கு நாற்பது யூரோ கொடுப்பதற்குப் பதில் சாதாரண டிக்கெட்டில் இதிலேயே ஒரு சுற்று வந்துவிடலாம். பெரியவர்களை முன் இருக்கையில் ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், மக்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

மோன்மார்த்ர் குன்றுக்குப் படி ஏற வேண்டாம், மெட்ரோ டிக்கெட்டிலேயே இழுவை ரயில் உண்டு. லூவ்ரில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். லுக்சம்பூர்க் பூங்காவிலும் துய்லெரி பூங்காவிலும் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். விருப்பப்பட்ட இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்காரலாம். அம்மாவோடு பிற்பகல் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பதும் பாரிஸ் பார்ப்பதுதான். அதை நேர விரயமாக எண்ணி அவரை எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

காலையில் பேக்கரிதான். குருவாசான், பகெத் ரொட்டி, வெண்ணெய், பழம். கீஷ் என்ற உப்புப் பண்டத்தில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், பார்ப்பதற்குச் சைவம் மாதிரியே தெரியும். சூப்பிலும் இறைச்சிச் சாறு சேர்ப்பது சாதாரணம். "சான் வியோந்த், சான் புவாசோன்" என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். முட்டையும் வேண்டாம் என்றால் "சான் ஏ". மதியத்துக்கு மரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை வயிற்றை நிரப்பும். உணவகங்களில் மதியச் சாப்பாடு இரண்டு மணியோடு முடிந்துவிடும், மாலை ஏழு வரை சமையலறை திறக்காது. இந்த நேரம் தெரியாமல் மூன்றரை மணிக்குப் பசியோடு அலைகிறவர்கள் நிறைய.

ரெண்டு நாளில் சோறு கேட்கும் நாக்குக்கு லாச்சப்பல் இருக்கிறது. கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால், 10-ஆம் வட்டாரத்தில், லா ஷபெல் மெட்ரோவை ஒட்டிய தெருக்கள். 1983-க்குப் பிறகு போரில் ஊரைவிட்டு வந்த ஈழத் தமிழர்கள் கடை கடையாகக் கட்டியெழுப்பிய இடம். இடியப்பம், சொதி, கொத்துரொட்டி, தோசை, வாழை இலை, மல்லிகைப் பூ, நகைக்கடை எல்லாம் தமிழ்ப் பெயர்ப் பலகையோடு. பாரிஸின் மத்தியப் பகுதியில் ஒரு வேளைக்கு ஆகும் செலவில் இங்கே குடும்பமே சாப்பிடலாம். பரிமாறுகிறவரிடம் தமிழிலேயே கேளுங்கள். அவர் அண்ணை, தங்கச்சி என்று பேச ஆரம்பித்துவிட்டால் எந்தக் கடையில் எது நல்லது என்பதும் தானாக வந்துவிடும்.

அருகிலேயே 18-ஆம் வட்டாரத்தில், பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம், 1985-இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தேர்த் திருவிழாவில் இந்தத் தெருக்களில் பிள்ளையார் தேர் வலம் வரும், கடைகளின் முன் தேங்காய்க் குவியல் உடையும். பிரெஞ்சுக்காரர்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். உங்கள் தேதி அதோடு ஒத்துவந்தால் லூவ்ரைக்கூட அடுத்த நாளுக்குத் தள்ளலாம்.

காசு கொடுக்காமல் என்ன பார்க்கலாம்?

நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகமும், கலை அருங்காட்சியகமான பெத்தி பலேயும் நிரந்தரக் காட்சிக்கு இலவசம். காலரி லஃபாயெத் கடையின் மொட்டை மாடிக்கு ஏறினால் ஒப்பேரா கூரையும் ஈஃபிளும் தெரியும். சாக்ரே கேர் ஆலயம், பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம். பஸ்தீய் சிறையைத் தேடிப் போகாதீர்கள், 1789-இலேயே இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்கும் தூண் 1830 புரட்சியின் நினைவு.

திருட்டு அதிகம் என்கிறார்களே?

ஜேப்படி உண்டு, அடிதடி குறைவு. மெட்ரோ 1-ஆம் தடம், ஈஃபிள் அடிவாரம், சாக்ரே கேர் படிகள் மூன்றிலும் கவனம். கதவு மூடும் நேரத்தில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள் என்பதால் கதவருகே நின்று படம் பார்க்காதீர்கள். கையில் நூல் கட்ட வருகிறவர், கையெழுத்துக் கேட்டுத் தாள் நீட்டுகிறவர், கீழே கிடந்த "தங்க" மோதிரத்தை எடுத்து நீட்டுகிறவர், டிக்கெட் இயந்திரத்தருகே உதவ வருகிறவர்: நால்வருக்கும் ஒரே பதில், நிற்காமல் நடப்பது. பாஸ்போர்ட்டும் பணமும் சட்டைக்குள் இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

பிரெஞ்சு தெரியாதே?

கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் நேரே ஆங்கிலத்தில் விலை கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். "பாரிஸ்காரர்கள் சிடுசிடு" என்ற புகாரில் பாதி இதனால் வருவது.

தண்ணீர், கழிப்பறை, பிளக்?

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். தெருவில் பச்சை இரும்பில் நான்கு பெண்கள் கூரையைத் தாங்கி நிற்கும் வாலஸ் குடிநீர் ஊற்றுகளில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். 1872-இல் ரிச்சர்ட் வாலஸ் என்பவர் ஊருக்குக் கொடுத்தது. உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் தண்ணீர் இலவசம். தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகளும் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் அது தன்னைக் கழுவிக்கொள்ளும், முடியும்வரை காத்திருந்து உள்ளே போங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும்.

அப்படியே லண்டனுக்கும் போய் வரலாமா?

கார் து நோரிலிருந்து யூரோஸ்டார் ரயில் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஷெங்கன் விசா அங்கே செல்லாது, பிரிட்டன் விசா தனி. திரும்பி பாரிஸ் வழியாகவே ஊருக்குக் கிளம்புவதாக இருந்தால், ஷெங்கன் விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், 16 வயது நிரம்பியவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் கிடைக்கும். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி "தேத்தாக்ஸ்" படிவம் கேளுங்கள், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்ட வேண்டும். சில நேரம் பொருளையும் பார்க்கக் கேட்பார்கள், அதனால் பெட்டியின் மேலாகவே வையுங்கள். கோடையில் அந்த வரிசை நீளம், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.